சூத்திரம் கையில் இருந்தால் பிளேடு வந்துவிடாது

தேஜஸ் போர் விமானத்துக்கான என்ஜின் அமெரிக்காவிலிருந்து வந்து சேரத் தாமதமாகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் அதற்கொரு விளக்கமும் சேர்ந்தே வருகிறது. ஜெட் என்ஜினின் டர்பைன் பிளேடுகள் நிக்கல் சூப்பர் அலாய் என்ற விசேஷக் கலப்புலோகத்தால் செய்யப்படுகின்றன. அதன் சூத்திரத்தை நான்கைந்து நாடுகள் பூட்டி வைத்திருக்கின்றன. அது மட்டும் கிடைத்துவிட்டால் மற்றதை நாமே செய்துவிடுவோம். தொலைக்காட்சி விவாதங்களில் இதைச் சொல்கிறார்கள், நாளிதழ்களின் நடுப்பக்கத்தில் எழுதுகிறார்கள், பொறியியல் வகுப்பறைகளில் ஆசிரியர்களே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது தவறு. வெறும் தகவல் பிழை என்றால் விட்டுவிடலாம். எதற்குப் பணம் ஒதுக்குவது, ஒப்பந்தத்தில் எதைக் கேட்பது, எந்த ஆய்வகத்தைத் தோற்றுவிட்டதாக முத்திரை குத்துவது என்பதையெல்லாம் இந்த நம்பிக்கைதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

அந்தக் கருத்துக்கு நல்ல சான்றுகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானம் யூமோ 004 என்ஜினில் பறந்தது. ஜெர்மனியில் நிக்கல் தட்டுப்பாடு. எரிகலன்களைச் சாதாரண எஃகில் செய்து அலுமினியம் பூசினார்கள். பிளேடுகளுக்கு நிக்கல் இல்லாத குரோமியம்-மாங்கனீசு எஃகைக்கூடப் பயன்படுத்தினார்கள். அந்த என்ஜின் 10 முதல் 25 மணி நேரம் வரைதான் உழைத்தது. அதே போர்க்காலத்தில் பிரிட்டனில் ஃபிராங்க் விட்டிலின் என்ஜின்களுக்கு நிமோனிக் 80 என்ற நிக்கல் கலவை கிடைத்திருந்தது. போர் முடிந்ததும் பிரிட்டன் தன் நீன் என்ஜினைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது. ரோல்ஸ் ராய்ஸ் ஆலையைப் பார்க்க வந்த சோவியத் பொறியாளர்கள் மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட காலணிகளோடு வந்து, தரையில் கிடந்த உலோகச் சுருள்களை அதில் ஒட்டவைத்துக் கொண்டு போனார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1947 டிசம்பரில் மிக்-15 பறந்தேவிட்டது.

ஆக, வாதம் மூன்று படிகளில் ஏறுகிறது. என்ஜினின் எல்லையை வகுப்பது அதன் உலோகம். உலோகத்தின் குணத்தை வகுப்பது அதன் கலவை. ஆகவே கலவையைப் பெறுவதே வழி. முதல் படியை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது படி உளுத்துப்போனது. அதன் மேல் நிற்கும் மூன்றாவது படிக்குத் தனியே கால் இல்லை.

1. எதை ரகசியம் என்கிறார்கள்? உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் ஒற்றைப் படிக பிளேடு உலோகங்களில் ஒன்று சி.எம்.எஸ்.எக்ஸ்-4. அதன் கலவையை இங்கேயே எழுதுகிறேன்: எடைக் கணக்கில் குரோமியம் 6.5 சதவீதம், கோபால்ட் சுமார் 9, மாலிப்டினம் 0.6, டங்ஸ்டன் சுமார் 6, டான்டலம் 6.5, ரீனியம் 3, அலுமினியம் 5.6, டைட்டானியம் 1, ஹாஃப்னியம் 0.1, மிச்சம் நிக்கல். இது பாடநூல்களில் அச்சாகியிருக்கிறது. காப்புரிமை ஆவணம் என்பதே வெளியிட்டுப் பெறும் உரிமைதான். எழுதப்படாத கலவையாக இருந்தாலும், ஒரு பழைய பிளேடு கையில் கிடைத்தால் எந்த நல்ல பகுப்பாய்வுக் கூடமும் சில நாட்களில் அதன் தனிமங்களை அளந்து சொல்லிவிடும்.

சீனாவைப் பாருங்கள். 1990களிலிருந்து ரஷ்யாவின் ஏ.எல்.-31 என்ஜின்கள் அங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தன. முழு என்ஜின்கள், பிரித்து, அறுத்து, அளந்து பார்க்கத் தடையில்லாத என்ஜின்கள். பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் தங்கள் ஜே-10 விமானத்துக்கு ரஷ்ய என்ஜினையே அவர்கள் நெடுங்காலம் நம்பியிருக்க வேண்டியிருந்தது. கலவைதான் தடை என்றால் அந்தத் தடை முதல் என்ஜினைப் பிரித்த வாரத்திலேயே தீர்ந்திருக்கும்.

நம் நாட்டுச் சான்று இன்னும் தெளிவானது. 2021 ஏப்ரலில் ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஹெலிகாப்டர் என்ஜினுக்கான ஒற்றைப் படிக பிளேடுகளை வெற்றிகரமாக வார்த்தது. மொத்தம் 300 பிளேடுகள் என்ற திட்டத்தில் முதல் 60 இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 'ரகசிய உலோகத்தை நாமும் கண்டுபிடித்துவிட்டோம்' என்ற தொனியில் அதைக் கொண்டாடினார்கள். அவர்கள் பயன்படுத்திய கலவை மேலே சொன்ன அதே சி.எம்.எஸ்.எக்ஸ்-4தான். அரசின் செய்திக்குறிப்பு பெருமையோடு பட்டியலிட்டது வேறு சாதனைகளை: 1500 டிகிரிக்கு மேற்பட்ட திரவ உலோகத்தின் அழுத்தத்தைத் தாங்கும் பீங்கான் அச்சு, வார்ப்பின்போது குலையாத வெப்பச் சரிவு, பல கட்டங்களில் செய்யும் வெற்றிட வெப்பப் பதம், படிகத்தின் திசையை அளக்கும் முறை. ஆண்டுக்கணக்கில் உழைத்து அந்த ஆய்வகம் எதை வென்றது என்பதை அந்தப் பட்டியல் சொல்கிறது. நம் விவாதங்களில் அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

2. வெப்பம் தாங்குவது தனிமத்தின் குணம் என்றால் நிக்கலை யார் தொடுவார்கள்? நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. நயோபியம் 2477, மாலிப்டினம் 2623, டங்ஸ்டன் 3422. இந்த வரிசையில் நிக்கல் கடைசி. ஆனால் மாலிப்டினத்தைச் சூடான காற்றில் வைத்தால் அதன் ஆக்சைடு ஆவியாகிக் கரைந்துபோகும். டங்ஸ்டன் நிக்கலைப் போல இருமடங்குக்கு மேல் கனம். காற்றில் ஆக்சிகரணமும் அடையும். குளிர்ந்த நிலையில் நொறுங்கும். உருகுநிலை வேறு, அந்தச் சூட்டில் சுமை தாங்கும் திறன் வேறு.

நிக்கல் சூப்பர் அலாயின் வலிமை அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. பிளேடு ஒன்றை நறுக்கி, மெருகேற்றி, அமிலத்தில் லேசாக அரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் செங்கல் சுவர் போல ஒரு காட்சி தெரியும். செங்கற்களாகத் தெரிபவை காமா பிரைம் எனப்படும் கனசதுரங்கள். மூன்று நிக்கல் அணுக்களுக்கு ஓர் அலுமினிய அணு என்ற கணக்கில், இடம் மாறாமல் ஒழுங்காக அடுக்கப்பட்ட சேர்மம் அது. ஒவ்வொன்றின் பக்கமும் சுமார் அரை மைக்ரான். அவற்றுக்கிடையே மெல்லிய பூச்சாக ஓடுவது காமா எனப்படும் சாதாரண நிக்கல் கரைசல். கொள்ளளவில் ஏறக்குறைய 70 சதவீதம் கனசதுரங்கள்.

இந்தச் சுவர் ஏன் சூட்டில் தளர்வதில்லை? உலோகம் வளைவதும் நீள்வதும் அதன் அணு வரிசைகளிலுள்ள பிறழ்வுகள் நகர்வதால்தான். காமாவில் எளிதாக ஓடும் பிறழ்வு ஒன்று கனசதுரத்துக்குள் தனியே புகுந்தால் அங்குள்ள ஒழுங்கு குலையும். அதற்கு ஆற்றல் அதிகம் வேண்டும். எனவே பிறழ்வுகள் சோடியாகவே புகுகின்றன. முன்னது குலைத்ததைப் பின்னது சரிசெய்கிறது. வெப்பம் ஏறும்போது அந்தச் சோடியின் பகுதிகள் பக்கத்துத் தளம் ஒன்றுக்கு வழுக்கி, அங்கே நகர முடியாமல் பூட்டிக்கொள்கின்றன. சூடு கூடக் கூடப் பூட்டுகளும் கூடுகின்றன. ஆகவே காமா பிரைமின் வலிமை சுமார் 800 டிகிரி வரை குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது. உலோகங்களைப் பற்றி நமக்குள்ள பொது அறிவுக்கு நேர் எதிரான இந்தக் குணத்தின் மேல்தான் ஜெட் யுகம் நிற்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

இதில் கலவையின் பங்கு அந்தச் சுவரைச் சாத்தியமாக்குவது. கட்டுவது உலை. வார்த்தெடுத்த நிலையில் தனிமங்கள் சீராகப் பரவியிருக்காது. ரீனியமும் டங்ஸ்டனும் ஓரிடத்தில் கூடியிருக்கும், அலுமினியமும் டான்டலமும் வேறிடத்தில். இதைச் சரிசெய்ய 1300 டிகிரியைத் தாண்டிப் படிப்படியாகச் சூடேற்றிப் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். காமா பிரைம் முழுதும் கரையும் வெப்பநிலைக்கும் உலோகமே உருகத் தொடங்கும் வெப்பநிலைக்கும் நடுவே சில பத்து டிகிரிகள்தான் இடைவெளி. அவசரப்பட்டு ஏற்றினால் பிளேடின் உள்ளே அங்கங்கே உருகி ஓட்டை விழும். பயந்து குறைத்தால் கரடுமுரடான பழைய காமா பிரைம் கரையாமல் தங்கிவிடும். பிறகு வேகமாகக் குளிர்த்து, 1140 டிகிரியிலும் 870 டிகிரியிலும் பதப்படுத்தினால்தான் கனசதுரங்கள் உரிய அளவில் ஒழுங்காக நிற்கும். பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பினால் நல்ல பிளேடும் கெட்ட பிளேடும் ஒரே கலவை என்றுதான் அறிக்கை வரும்.

3. 'வலிமையான உலோகம்' என்கிறார்கள். எவ்வளவு நேரத்துக்கு வலிமை? இந்தக் கேள்வி கேட்கப்படாததுதான் இந்த விவாதத்தின் மிகப்பெரிய ஓட்டை.

250 கிராம் எடையுள்ள ஒரு பிளேடை வைத்துக்கொள்வோம். சுழலும் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 12,000 சுற்று. கணக்குப் போட்டால் அதை வெளியே பிய்த்து இழுக்கும் விசை 16 டன்னுக்கு வருகிறது. அது செந்தணலாக இருக்கும் நிலையில், ஆயிரக்கணக்கான மணி நேரம், இந்த இழுப்பைத் தாங்க வேண்டும். அந்த நிலையில் எந்த உலோகமும் மெல்ல மெல்ல நீளும். இதைத்தான் க்ரீப் என்கிறார்கள். உடனே முறிவதற்கு வேண்டிய சுமையில் சிறு பங்குதான் இருக்கும்; ஆனால் நாள் போகப் போக பிளேடு நீண்டு, உறையின் சுவரில் உரசும் அல்லது உள்ளே வெடிப்பு விட்டு அறுந்துபோகும்.

க்ரீப் சோதனையை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் பொறுமை தெரியும். விரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு. அதைச் சுற்றி ஒரு சிறு குழாய் உலை. கீழே நெம்புகோலில் தொங்கும் எடைக்கற்கள். நீட்சியை மைக்ரான் அளவில் பதிவு செய்யும் கருவி. அறையில் வரிசையாக இப்படிப் பல இயந்திரங்கள். ஓசை இல்லை, அசைவு இல்லை. துண்டு அறும்வரை உலையின் சூடு ஓரிரு டிகிரிக்கு மேல் ஆடக்கூடாது. மின்சாரம் போனால் அந்தச் சோதனையின் மதிப்பே கேள்விக்குரியதாகிவிடும்.

ஏன் இத்தனை கறார்? 1952இல் லார்சனும் மில்லரும் வகுத்த எளிய வாய்பாட்டைக் கொண்டு பார்க்கலாம். கெல்வின் வெப்பநிலையை, 20உடன் ஆயுள் மணி நேரத்தின் மடக்கையைக் கூட்டிப் பெருக்கினால், ஒரே சுமையில் அந்தப் பெருக்கற்பலன் ஏறக்குறைய மாறாது. 1000 டிகிரி செல்சியஸில் 1000 மணி நேரம் தாங்கும் துண்டு 1015 டிகிரியில் எவ்வளவு தாங்கும்? 540 மணி நேரம். 1030 டிகிரியில் 300 மணி நேரம்கூடத் தேறாது. 15 டிகிரி பிழைக்குப் பாதி ஆயுள். அந்த 15 டிகிரி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம்: பிளேடின் மேல் உள்ள குளிர்காற்றுத் துளை ஒன்று தூசியால் அடைபட்டால் வரும், வார்ப்பின்போது உள்ளிருக்கும் பீங்கான் கரு ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் நகர்ந்து சுவர் தடித்தாலும் வரும்.

க்ரீப்பை எதிர்த்து உலகம் எப்படி முன்னேறியது என்று பார்த்தால் கலவை வாதம் இன்னும் பலவீனமாகிறது. சாதாரண உலோகம் எண்ணற்ற படிக மணிகளால் ஆனது. சூட்டில் அந்த மணிகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. வெற்றிடங்கள் அங்கே முளைத்து வெடிப்பாகின்றன. 1960களில் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் ஃபிராங்க் வெர்ஸ்னைடரும் சகாக்களும் எடுத்த முடிவு, குறுக்கே ஓடும் எல்லைகளை ஒழிப்பது. பிறகு எல்லைகளையே மொத்தமாக ஒழிப்பது. பிளேடு முழுவதும் ஒரே படிகம். 1980களில் அவை பயணிகள் விமானங்களில் பறந்தன. அந்தப் பெரிய பாய்ச்சல் வார்ப்புக்கூடத்தில் பிறந்தது. மணி எல்லைகளை இறுக்கப் போட்டுவந்த கார்பன், போரான் போன்றவற்றைக் குறைப்பதற்கு வழி பிறந்ததும், கலவைகள் மாறியதும் அதன் பிறகே.

அந்த வார்ப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அடிப்படை மெழுகு வார்ப்புதான். சுவாமிமலை ஸ்தபதிகள் வழிவழியாகச் செய்துவருவதும் அதுவே. பிளேடு வடிவ மெழுகின் உள்ளே, குளிர்காற்று ஓட வேண்டிய வளைவு நெளிவுகளின் வடிவில் சிலிக்கா பீங்கான் கரு. மேலே பீங்கான் கூழில் முக்கி முக்கி எடுத்த ஓடு. மெழுகை உருக்கி வடித்து, ஓட்டைச் சுட்டு, வெற்றிட உலைக்குள் ஏற்றி, சுமார் 1500 டிகிரியில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சின் அடியில் நீரோடும் செம்புத் தட்டு. அதைத் தொட்ட உலோகம் முதலில் உறைந்து, பல படிகங்கள் மேல்நோக்கி வளரப் போட்டியிடும். அவை நுழைய வேண்டியது பன்றி வால் போலச் சுருண்ட ஒரு குறுகிய பாதை. அதில் ஒன்று மட்டும் தப்பி வெளியே வருகிறது. அச்சை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உலையிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தால் அந்த ஒரு படிகமே பிளேடு முழுவதையும் நிரப்பும்.

நிரப்ப வேண்டும். பிளேடின் பீடம் திடீரென அகலும் மூலையில் உலோகம் சீக்கிரம் குளிர்ந்தால் அங்கே அந்நியப் படிகம் ஒன்று முளைக்கும், பிளேடு கழிவு. கனமான தனிமங்கள் பிரிந்து திரவம் மேலெழுந்தால் சிறு மணிகளின் சங்கிலி ஒன்று தோலில் தோன்றும், கழிவு. குளிரும்போது உலோகம் பீங்கானைவிட அதிகம் சுருங்குவதால் உள்ளே தங்கிய இறுக்கம், வெப்பப் பதத்தின்போது புதிய மணிகளாக வெடித்துக் கிளம்பும், அதுவும் கழிவு. கடைசியில் ஓட்டை உடைத்து, கருவைக் காரக் கரைசலில் கரைத்து, அமிலத்தில் அரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள். எங்காவது ஒரு திட்டு வேறு நிறத்தில் மின்னினால் அந்த பிளேடின் கதை முடிந்தது. கலவையில் ஒரு புள்ளி பிசகாமல் இத்தனையும் நடக்கும்.

படிகத்தின் திசையும் முக்கியம். இயல்பாக வளரும் கனசதுர விளிம்புத் திசையில் இந்த உலோகத்தின் விறைப்பு சுமார் 130 ஜிகாபாஸ்கல்; கனசதுரத்தின் மூலைவிட்டத் திசையில் 300ஐத் தாண்டும். அதிக விறைப்பைத் தேடிப் போவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பிளேடு செய்பவர்கள் குறைந்த விறைப்புள்ள திசையையே வேண்டுமென்று தேர்ந்தெடுக்கிறார்கள். என்ஜின் ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் பிளேடில் எழும் வெப்ப இறுக்கம் விறைப்புக்கு ஏற்பக் கூடும்; விறைப்புக் குறைந்தால் உலோகச் சோர்வும் தள்ளிப்போகும். திசை 10, 15 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அந்த பிளேடும் தள்ளுபடி. இந்தத் தேர்வு எந்தச் சூத்திரத்திலும் எழுதப்பட்டிருக்காது.

4. சூத்திரத்தின் சொந்தக்காரர்களுக்கே நேர்ந்ததை என்ன சொல்வது? 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனமான ஆர்.டி.எக்ஸ். ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏ320 நியோ விமானங்களில் பயன்படும் கியர்டு டர்போஃபேன் என்ஜின்களின் சில டிஸ்க்குகளுக்கான (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டுகளுக்கான) நிக்கல் கலப்புலோகப் பொடியில், 2015 கடைசி முதல் 2021 வரையான காலத்தில், நுண்ணிய மாசு கலந்திருந்தது; அதனால் அந்த டிஸ்க்குகளில் காலத்துக்கு முன்பே வெடிப்பு வரலாம். நூற்றுக்கணக்கான என்ஜின்களை இறக்கிச் சோதிக்க வேண்டியதாயிற்று. 2024 முதல் 2026 வரை சராசரியாக 350 விமானங்கள் தரையில் நிற்கும் என்று அந்த நிறுவனமே மதிப்பிட்டது. இந்தியாவில் இண்டிகோவின் விமானங்கள் பல மாதக்கணக்கில் என்ஜினின்றி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒற்றைப் படிகத்தின் முன்னோடியே அந்த நிறுவனம்தான். கலவை அவர்களுடையது, காப்புரிமையும் அவர்களுடையது. டிஸ்க்குக்கு வேண்டிய குணம் க்ரீப்பைவிட உலோகச் சோர்வைத் தாங்குவது. விமானம் ஒவ்வொரு முறை கிளம்பி இறங்கும்போதும் அது ஒரு சுற்று இழுபட்டுத் தளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் அந்நியத் துகள் போதும், வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். இங்கே கெட்டது துப்புரவும் அதைக் கண்காணிக்கும் முறையும். கலவைப் பட்டியலில் இடமே பெறாத கந்தகம்கூடப் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தால் போதும். பிளேடைக் காக்கும் ஆக்சைடு தோல் உரிந்து விழும். பிஸ்மத், ஈயம் என்றால் அதைவிடக் குறைந்த அளவே க்ரீப் ஆயுளைக் கெடுக்கும்.

5. 'மிகச் சிறந்த கலவை' என்ற ஒன்று இருக்கிறதா? இல்லை. நிமோனிக் 80இல் குரோமியம் சுமார் 20 சதவீதம். சி.எம்.எஸ்.எக்ஸ்-4இல் 6.5. அடுத்த தலைமுறையான சி.எம்.எஸ்.எக்ஸ்-10இல் 2 சதவீதம்தான்; பதிலுக்கு ரீனியம் 6. சூட்டில் வலிமை ஏறியது, அரிப்பைத் தடுக்கும் திறன் இறங்கியது. கடற்கரையில் நிறுவும் மின்நிலைய டர்பைனுக்கு இந்த உச்சக்கட்ட உலோகத்தைக் கொடுத்தால், காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து உருவாகும் சோடியம் சல்பேட் 884 டிகிரியில் உருகி பிளேடைத் தின்றுவிடும். அங்கே 16 சதவீதம் குரோமியம் உள்ள பழைய இன்கோனெல் 738தான் புத்திசாலித்தனம். ரீனியத்தையும் இஷ்டம்போலக் கூட்ட முடியாது. கூட்டினால் நாளடைவில் ஊசி ஊசியாக நொறுங்கும் சேர்மங்கள் உள்ளே வளர்ந்து சுவரைக் குலைக்கும். போதாததற்கு, நவீன என்ஜினில் பிளேடைச் சுற்றியுள்ள வாயு பிளேடின் உருகுநிலையைவிடச் சூடானது. உலோகம் பிழைத்திருப்பது உள்ளே ஓடும் காற்றாலும், துளைகள் வழியே கசிந்து மேற்பரப்பை மூடும் காற்றுப்படலத்தாலும், யிட்ரியா கலந்த சிர்கோனியா பீங்கான் பூச்சாலும். எந்தக் கலவை என்ற கேள்வி, எந்தக் குளிரூட்டல், எந்தப் பூச்சு, எந்த ஊர்க் காற்று என்ற கேள்விகளோடு சேர்ந்துதான் பொருள் பெறும்.

6. அப்படியானால் காலணியில் ஒட்டிய உலோகச் சுருள் கதை? அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நிமோனிக் 80 அடித்து உருவாக்கும் உலோகம். நிக்கல், குரோமியம், கொஞ்சம் டைட்டானியம், கொஞ்சம் அலுமினியம். நல்ல எஃகு ஆலையும் சம்மட்டியும் உள்ள நாடு அதைச் செய்து பார்க்கலாம். சோவியத்துக்கு அவை இருந்தன. பக்கத்தில் பிரித்துப் பார்க்க முழு நீன் என்ஜின்களும் இருந்தன. 1947இல் உலோகத்தின் கதையில் பெரும்பகுதியைச் சுருள் சொல்லியிருக்கும். இன்று சி.எம்.எஸ்.எக்ஸ்-4 துருவல் ஒரு மூட்டை கிடைத்தாலும் அதில் படிகத்தின் திசை இருக்காது, உலையின் வெப்பச் சரிவு இருக்காது, ஓட்டின் பீங்கான் கலவை இருக்காது. முப்பது ஆண்டுக் க்ரீப் பதிவேடும் இருக்காது. பழைய வெற்றியைப் புதிய போருக்கான வரைபடமாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

7. தொழில்நுட்பப் பரிமாற்றம் கொண்டுவந்து கொடுத்துவிடாதா? 2023 ஜூனில் எஃப்414 என்ஜினை இந்தியாவில் தயாரிப்பதற்கு ஜெனரல் எலக்ட்ரிக்குக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோது 80 சதவீதப் பரிமாற்றம் என்ற எண் எல்லா இடத்திலும் ஒலித்தது. அந்த முயற்சியை நான் வரவேற்கிறேன். ஆனால் நமக்கு இதில் அனுபவம் இருக்கிறது. ஒடிசாவின் கோராபுட்டில் 1960களிலிருந்து மிக் விமானங்களுக்கும், பிறகு சுகோய்-30க்கும் உரிமம் பெற்று என்ஜின் செய்துவருகிறோம். திறமையான தொழிலாளர்கள், கடினமான வேலை. அத்தனை ஆண்டு உரிம உற்பத்தி, நாமே வடிவமைத்த, 1989இல் ஒப்புதல் பெற்ற காவேரி என்ஜினைத் தூக்கி நிறுத்தவில்லை. உரிமத்தில் வருவது 'இந்தச் சூட்டில் இத்தனை நேரம் வை' என்ற கட்டளை. ஐந்து டிகிரி குறைந்தால் என்ன ஆகும், ஏன் அந்த எண், அதற்கு முன் எத்தனை எண்கள் தோற்றன என்பது அதில் வராது. அடுத்த என்ஜினை வடிவமைப்பவருக்குத் தேவைப்படுவது அந்தத் தோற்ற எண்கள்தான்.

செயற்கை நுண்ணறிவு குறுக்கு வழி காட்டும் என்போருக்கும் இதே பதில். கலவை தேடுவதில் கணினி உதவும், உதவிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அது கற்றுக்கொள்வதற்கு அளந்த எண்கள் வேண்டும். 30,000 மணி நேரக் க்ரீப் சோதனை ஒன்றை எந்தக் கணினியும் சுருக்க முடியாது. இன்று எடையைத் தொங்கவிட்டால் முடிவு வர மூன்று ஆண்டு ஐந்து மாதம்.

இப்போது இந்தத் தவறான கருத்தின் விளைவுகளைப் பார்க்கலாம். சூத்திரம்தான் எல்லாம் என்று நம்பும் அரசு, சூத்திரம் கண்டுபிடிக்கும் திட்டத்துக்கு நிதி தரும். வார்த்த பிளேடுகளில் பாதி கழிவானால் தணிக்கை அதிகாரி அதை விரயம் என்று எழுதுவார். கழிவுதான் அங்கே பாடம். முதல் நூறு பிளேடுகளைக் கெடுக்க அனுமதி இல்லாத வார்ப்புக்கூடத்தில் நூற்றியோராவது பிளேடு சரியாக வராது. அதே நம்பிக்கையுள்ள பல்கலைக்கழகம் புதுக் கலவை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் குவிக்கும். பீங்கான் ஓடு பற்றியோ, உலையின் வெப்பச் சரிவு பற்றியோ முனைவர் பட்டத்துக்கு ஆள் கிடைக்காது. காவேரியை 2010இல் பறக்கவைத்துச் சோதிக்க ரஷ்யாவின் ஐ.எல்.-76 விமானத்தைத் தேடிப் போக நேர்ந்தது. என்ஜினைச் சுமந்து பறக்கும் சோதனை விமானம் வேண்டும் என்ற கோரிக்கை, சூத்திரத்தைப் பற்றிய பேச்சு எழுப்பும் உணர்ச்சியில் பத்தில் ஒரு பங்கைக்கூட எழுப்பியதில்லை.

ஆகவே, அடுத்த என்ஜின் ஒப்பந்தம் நாடாளுமன்றக் குழுவின் முன் வரும்போது சதவீதத்தைக் கேட்க வேண்டாம். வெற்றிட உலையின் ஓட்டப் பதிவேடுகள் கிடைக்குமா? நிராகரிக்கப்பட்ட வார்ப்புகளும் அவற்றுக்கான காரணங்களும் கிடைக்குமா? பீங்கான் கருவை இங்கேயே செய்வோமா, பெட்டியில் வாங்குவோமா? பூச்சு போடும் எலக்ட்ரான் கற்றை இயந்திரம் எந்த ஊரில் நிறுவப்படும்? ஒரு கட்டளையை நம் பொறியாளர்கள் மாற்றிச் சோதித்துப் பார்க்க உரிமை உண்டா, அதற்கு ஒவ்வொரு முறையும் அமெரிக்காவின் அனுமதி வேண்டுமா? ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இன்று எத்தனை க்ரீப் இயந்திரங்கள் ஓடுகின்றன, அவற்றில் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டியவை எத்தனை? கடைசிக் கேள்விக்கு எந்த வெளிநாட்டின் சம்மதமும் தேவையில்லை. அதற்கான இயந்திரங்களை வாங்கவும், தடையில்லா மின்சாரம் கொடுக்கவும், துண்டு அறும்வரை பத்தாண்டுகள் நிதியை நிறுத்தாமல் இருக்கவும் டெல்லியில் ஒரு கையெழுத்து போதும்.